உங்களுக்குத் தெரியுமா? பிளாஸ்டிக்குக்குள் ஒளிந்திருக்கும் சூடு

காரின் பின்விளக்கை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். சிவப்பு மூடியும் அதன் பின்னால் இருக்கும் கறுப்புக் கூடும் சேரும் இடத்தில் திருகு இருக்காது. பசை வழிந்த தடமும் இருக்காது. பல வண்டிகளில் அந்த இரண்டையும் சேர்த்து வைத்தது லேசர் ஒளி. உருகிச் சேர்ந்த இடம் இரண்டு பிளாஸ்டிக்குகளுக்கும் நடுவில் மறைந்து கிடக்கிறது. அந்த இடம் எவ்வளவு சூடாயிற்று என்று எப்படி அளப்பது? தொட முடியாது, கண்ணுக்கும் தெரியாது. ஆனாலும் அதை ஒவ்வொரு விளக்கிலும், ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் அளக்க முடிகிறது. இந்தத் துணுக்குகள் அந்த அளவீட்டைப் பற்றியவை. இவற்றில் வரும் சூட்டின் அளவுகள் எல்லாம் செல்சியஸ் டிகிரியில்.

மேலே ஒளி புகும், கீழே ஒளி தங்கும்

பிளாஸ்டிக்கை லேசரால் பற்றவைக்கும் முறைகளில் தொழிற்சாலைகளில் அதிகம் புழங்குவது இது: இரண்டு பாகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இறுக்கிப் பிடிப்பார்கள். மேல் பாகம் லேசருக்குக் கண்ணாடி மாதிரி. ஒளி பெரும்பாலும் அப்படியே உள்ளே போய்விடும். கீழ் பாகத்தில் நுண்ணிய கரித்தூள் கலந்திருக்கும். எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு கரிகூட வேண்டியதில்லை. அந்தக் கரி ஒளியை விழுங்கிச் சூடாகும். கீழ் பாகத்தின் மேற்பரப்பு உருகும். அந்தச் சூடு தொட்டுக்கொண்டிருக்கும் மேல் பாகத்துக்கும் ஏறி அதையும் உருக்கும். இரண்டு பக்கத்திலும் உள்ள நீண்ட மூலக்கூறு இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்ளும். ஆறியதும் இரண்டு துண்டு ஒரே துண்டாகிவிடும்.

பாலிபுரொப்பிலீன் சுமார் 165 டிகிரியில் உருகுகிறது. நைலான் 66 உருகச் சுமார் 260 டிகிரி வேண்டும். பாலிகார்பனேட் 150 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். சூடு குறைந்தால் இழைகள் பின்னாது. கூடினால் பிளாஸ்டிக் சிதைந்து குமிழி விடும், கருகும். இந்த இரண்டில் குறைந்த சூட்டைத்தான் நான் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன். கருகியதை யாரும் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். சூடு போதாத இணைப்போ பார்க்க நன்றாக ஒட்டியது போலவே இருக்கும். வண்டி ஓடி, மழை பெய்து, வெயில் அடித்துச் சில மாதம் கழித்துத்தான் பிரியும்.

இரண்டு விதக் கறுப்பு

கார்ச் சாவியின் கூடு மேலும் கீழும் ஒரே கறுப்பாக இருக்கும். அப்படியானால் லேசர் எந்தப் பாதியில் புகும், எதில் தங்கும்? விடை சாயத்தில் இருக்கிறது. கீழ் பாதியின் கறுப்பு கரியால் வந்தது; அது எல்லா ஒளியையும் விழுங்கும். மேல் பாதியின் கறுப்பு வேறு சாயங்களால் வந்தது. அந்தச் சாயங்கள் நம் கண்ணுக்குத் தெரியும் நிறங்களை எல்லாம் விழுங்கிவிடுகின்றன, அதற்கு அப்பால் உள்ள அகச்சிவப்புக்கு மட்டும் வழிவிடுகின்றன. நமக்கு இரண்டும் ஒரே இருட்டு. லேசருக்கு ஒன்று ஜன்னல், மற்றது சுவர்.

இதே தந்திரம் உங்கள் வீட்டிலும் இருக்கிறது. டி.வி.யின் கீழ் விளிம்பில் ரிமோட்டின் ஒளியை வாங்கும் இடத்தை மூடியிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக், அகச்சிவப்புக்குத் திறந்த கதவு.

ரிமோட்டை செல்போனிடம் காட்டுங்கள்

ரிமோட்டின் நுனியில் உள்ள சிறு விளக்கு பொதுவாக 940 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிவிடும். செல்போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டை அதை நோக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் வெளிர் ஊதாவாக ஒரு புள்ளி மின்னுவது தெரியும். பிளாஸ்டிக் வெல்டிங்குக்குப் பயன்படும் டயோடு லேசர்கள் 808, 940, 980 நானோமீட்டர் போன்ற அலைநீளங்களில் வேலை செய்பவை. அதாவது ரிமோட்டின் ஒளிக்கு நெருங்கிய சொந்தம். ரிமோட்டில் அது மில்லிவாட் கணக்கு. வெல்டிங் இயந்திரத்தில் பல பத்து வாட், அதுவும் ஓரிரு மில்லிமீட்டர் வட்டத்துக்குள் குவிந்து விழும்.

சிவப்புக்கு அப்பால் சூடு

அகச்சிவப்பைக் கண்டுபிடித்தவர் ஒரு வானியலாளர். ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்து, இசைக்கலைஞராக இங்கிலாந்துக்குப் போய், தொலைநோக்கி செய்யக் கற்று, 1781-ல் யுரேனஸ் கோளைக் கண்ட வில்லியம் ஹெர்ஷல்தான் அவர். 1800-ல் அவர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போகச் சூடு ஏறியது. சிவப்பைத் தாண்டி, ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானி இன்னும் அதிகம் காட்டியது. கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று உண்டு என்று உலகம் முதலில் அறிந்தது வெறும் கண்ணாடிக் குழாய் வெப்பமானியால்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடுகிறது.

மாட்டின் உடல் சூடு

1880-ஐ ஒட்டி அமெரிக்காவில் சாமுவேல் லாங்லி செய்த போலோமீட்டர், கறுப்பு பூசிய மெல்லிய பிளாட்டினப் பட்டையின் மின்தடை மாறுவதை வைத்துக் கதிரை அளந்தது. கால் மைல் தூரத்தில் நிற்கும் மாட்டின் உடல் சூட்டையும் அது உணரும் என்று சொல்வார்கள். இன்றைய வெப்பக் கேமராக்கள் பலவற்றின் உள்ளே இருப்பது அதே தத்துவத்தில் செய்த, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஆயிரக்கணக்கான போலோமீட்டர்கள்.

கொல்லரின் கண் இங்கே உதவாது

காய்ச்சிய இரும்பின் நிறத்தைப் பார்த்தே கொல்லர் அடிக்கும் பதத்தைச் சொல்லிவிடுவார். ஆனால் எந்தப் பொருளும் சுமார் 525 டிகிரியை எட்டிய பிறகுதான் நம் கண்ணுக்கு மங்கலாகச் சிவக்கத் தொடங்கும். 1847-ல் ஜான் வில்லியம் டிரேப்பர் கண்டறிந்த எல்லை அது. பிளாஸ்டிக்கின் வேலை அதில் பாதிச் சூட்டிலேயே முடிந்துவிடுகிறது. உருகிய பிளாஸ்டிக் இருட்டறையில்கூட ஒளிராது.

அதற்காக அது கதிரே வெளிவிடுவதில்லை என்று அர்த்தமில்லை. 250 டிகிரியில் உள்ள பொருளின் கதிர்வீச்சு உச்சம் தொடுவது சுமார் 5.5 மைக்ரான் அலைநீளத்தில். நம் உடலின் உச்சம் 9 மைக்ரானைத் தாண்டி. சூரியனின் உச்சம் அரை மைக்ரானில், நம் கண் பார்க்கும் எல்லைக்குள். சூடு ஏற ஏற உச்சம் குறுகிய அலைநீளத்துக்கு நகரும் என்ற இந்த விதியை 1893-ல் சொன்னவர் வில்ஹெல்ம் வீன்.

மேல் பாகம் ஏன் குறுக்கே வருவதில்லை?

இந்தக் கேள்விதான் விஷயத்தின் உயிர்நாடி. அந்தக் கதிரைப் பார்த்துச் சூட்டைச் சொல்லும் சென்சார் இருப்பது மேலே. சூடான இடமோ ஓரிரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்குக் கீழே. இடையில் உள்ள மேல் பாகமும் சூடாகிறதே, அதன் கதிரும் சேர்ந்து கணக்கைக் குழப்பாதா?

1859-ல் ஹைடல்பெர்க்கில் இருந்த குஸ்டாவ் கிர்க்காஃப் இதற்கு விடை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு பொருள் எந்த அலைநீளத்தை நன்றாக விழுங்குகிறதோ, சூடாகும்போது அதே அலைநீளத்தை நன்றாக வெளிவிடும். எதை விழுங்காமல் விட்டுவிடுகிறதோ, அதை வெளிவிடவும் செய்யாது. அப்படியானால் மேல் பாகம் எந்த அலைநீளத்துக்குக் கண்ணாடியாக இருக்கிறதோ, அந்த அலைநீளத்தில் அது தானாக ஒளிர்வதில்லை. கரி கலந்த கீழ் பாகமோ எல்லாவற்றையும் விழுங்குவது, எனவே எல்லாவற்றிலும் ஒளிர்வது. சரியான அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சென்சாரின் பார்வையில் மேல் பாகம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். இணைப்பு மட்டும் தனியாக எரிவது தெரியும். இயற்கை நமக்காகவே செய்து வைத்த வசதி போல இருக்கிறது.

2 மைக்ரான் ஜன்னல்

அந்தச் சரியான அலைநீளம் எது? பிளாஸ்டிக்குகளில் கரியணுவும் ஹைட்ரஜன் அணுவும் கைகோத்திருக்கும். அந்தப் பிணைப்பு 3.4 மைக்ரானில் கதிரைப் பலமாக விழுங்கும். அதன் எதிரொலி மாதிரி 1.7 மைக்ரானிலும், 2.3 மைக்ரானை ஒட்டியும் சிறிய விழுங்கல்கள் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே, சுமார் 1.8 முதல் 2.2 மைக்ரான் வரை, பல பிளாஸ்டிக்குகளில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. லேசர் பிளாஸ்டிக் வெல்டிங்குக்கான பைரோமீட்டர்கள், அதாவது தொடாமல் கதிரைக் கொண்டே சூட்டை அளக்கும் கருவிகள், பெரும்பாலும் இந்த ஜன்னல் வழியாகத்தான் எட்டிப் பார்க்கின்றன. பாகங்களை அழுத்திப் பிடிக்கும் கண்ணாடித் தகடும் 2 மைக்ரானுக்கு வழிவிடுகிறது என்பதால், அழுத்தத்தைத் தளர்த்தாமலே அளக்கலாம்.

உச்சம் 5.5 மைக்ரானில் இருக்க, 2 மைக்ரானில் போய்ப் பார்ப்பது வெளிச்சமான தெருவை விட்டுச் சந்தில் தேடுவது போலத் தோன்றலாம். வேறு வழியில்லை. 5.5 மைக்ரானில் பெரும்பாலும் மேல் பாகமே சுவராகிவிடும். அப்போது அளப்பது மேல் பாகத்தின் வெளித்தோலின் சூட்டைத்தான், இணைப்பின் சூட்டை அல்ல.

ஒரு வாட்டில் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு

2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள, 250 டிகிரி சூடான வட்டம் இந்த ஜன்னல் வழியே எல்லாத் திசையிலும் சேர்த்து வெளிவிடும் கதிர் எவ்வளவு? கணக்குப் போட்டால் ஒரு வாட்டில் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்குதான் வருகிறது. அதிலும் லென்ஸில் விழுவது ஒரு சிறு பகுதி. அதே இடத்தில் விழும் லேசரோ 50 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், பல லட்சம் மடங்கு பெரிது. அது தெறித்துச் சென்சாருக்குள் வந்தால் கதை முடிந்தது. அதனால் சென்சாருக்கு முன்னால் லேசரின் அலைநீளத்தை அறவே மறிக்கும் வடிகட்டி இருக்கும். எனக்குத் தெரிந்து இந்தத் தொழில்நுட்பத்தில் பெயர் சொல்லப்படாத நாயகன் அந்த வடிகட்டிதான்.

செல்போன் கேமராவில் உள்ள சிலிக்கன் சென்சார் சுமார் 1.1 மைக்ரானோடு நின்றுவிடும். ஆகவே இங்கே இண்டியம், காலியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த குறைகடத்தியைப் பயன்படுத்துகிறார்கள். சொந்தச் சூட்டால் அது தடுமாறாமல் இருக்கப் பல கருவிகளில் குளிரவைத்தும் வைத்திருப்பார்கள்.

27 ஆயிரம் மடங்கு

அறையின் சூடான 27 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்கு ஏறும்போது ஒரு பொருள் வெளிவிடும் மொத்தக் கதிர் சுமார் 9 மடங்கு பெருகும். ஆனால் 2 மைக்ரான் அலைநீளத்தை மட்டும் பார்த்தால்? சுமார் 27 ஆயிரம் மடங்கு! சந்தில் தேடுவதற்குக் கிடைக்கும் பரிசு இது. சூட்டில் ஒரு சிறு மாற்றம் வந்தாலும் சிக்னல் துள்ளிக் குதிக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. எந்தப் பொருளும் கொள்கையளவில் வெளிவிட வேண்டிய முழுக் கதிரையும் வெளிவிடுவதில்லை. எத்தனை பங்கு வெளிவிடுகிறது என்பதை உமிழ்திறன் என்பார்கள். அதை நாம் 10 சதவீதம் தப்பாக வைத்துக்கொண்டால், 250 டிகிரியில் 2 மைக்ரான் கருவி சுமார் 4 டிகிரிதான் பிசகும். 10 மைக்ரானில் பார்க்கும் கருவி கிட்டத்தட்ட 18 டிகிரி பிசகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை

மேலே உள்ள கணக்குகளுக்கெல்லாம் அடிப்படையான சூத்திரம் பிறந்த கதை அருமையானது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பெர்லினை ஒட்டிய சார்லோட்டன்பர்க்கில் இருந்த அரசின் அளவியல் நிறுவனம், விளக்குகளின் வெளிச்சத்துக்கு நல்ல அளவுகோல் தேடிக்கொண்டிருந்தது. அதற்காகச் சூடான குழிகளிலிருந்து வரும் கதிரை அங்கே மிகத் துல்லியமாக அளந்தார்கள். எந்த அலைநீளத்தில் எவ்வளவு கதிர் வரும் என்று வீன் தந்திருந்த சூத்திரம் நீண்ட அலைநீளங்களில் பொருந்தவில்லை. 1900 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை, அங்கே அளந்தவர்களில் ஒருவரான ஹைன்ரிஷ் ரூபன்ஸ் தன் மனைவியோடு இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க்கின் வீட்டுக்குப் போனபோது இந்த அளவீடுகளைச் சொன்னார். அன்று மாலையே பிளாங்க் புதிய சூத்திரத்தைப் பிடித்துவிட்டார். அக்டோபர் 19-ல் அதை வெளியிட்டு, டிசம்பர் 14-ல் அதற்கு விளக்கமும் தந்தார். குவாண்டம் இயற்பியல் அங்கே தொடங்கியது என்பது எல்லாரும் அறிந்தது. ஆனால் அதன் தாய்வீடு வெப்பக் கதிர் அளவீடு என்பதை மறந்துவிடுகிறோம். இன்று காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியிலிருந்து வெல்டிங் பைரோமீட்டர் வரை எல்லாமே அந்த ஒரே சூத்திரத்தில் ஓடுகின்றன.

நெருப்பை அளக்கும் களிமண்

பைரோமீட்டர் என்ற பெயரில் வரும் 'பைர்' கிரேக்கத்தில் நெருப்பு. 1782-ல் இங்கிலாந்தின் பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் செய்த பைரோமீட்டரில் லென்ஸும் இல்லை, கதிரும் இல்லை. சூளையில் வைத்த சிறு களிமண் துண்டு எவ்வளவு சுருங்கியது என்று பார்த்துச் சூட்டைச் சொன்னார்.

தோசைக்கல்லும் எவர்சில்வர் பாத்திரமும்

கடையில் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி உங்களிடம் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். பழகிக் கறுத்த இரும்புத் தோசைக்கல்லை நோக்கிப் பிடித்தால் நம்பத்தகுந்த எண் வரும். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்கும்போது அதன் பக்கவாட்டில் பிடித்தால் எண் மிகக் குறைவாக வரும். பளபளப்பான உலோகம் தன் கதிரை மிகக் கொஞ்சமாகத்தான் வெளிவிடும். சுவரின் கதிரையும் உங்கள் முகத்தின் கதிரையும்தான் திருப்பி அனுப்பும். எலெக்ட்ரீஷியன்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டிவிட்டு அதன் மேல் அளப்பார்கள். கொதிக்கிற பாத்திரத்தில் நீங்கள் ஒட்ட வேண்டாம். வெதுவெதுப்பான பாத்திரத்திலேயே வித்தியாசம் தெரியும்.

சிவப்புப் புள்ளி அளப்பதில்லை

அந்தத் துப்பாக்கியில் வரும் சிவப்பு லேசர் புள்ளி குறி காட்டத்தான். சூட்டை அளப்பதில் அதற்குப் பங்கே இல்லை. கருவி அளப்பது புள்ளியைச் சுற்றி உள்ள ஒரு வட்டத்தின் சராசரியை. 12-க்கு 1 என்று போட்டிருந்தால், 12 அடி தூரத்தில் ஓரடி வட்டத்தின் சராசரி.

பை வழியே தெரியும், கண்ணாடி வழியே தெரியாது

வெப்பக் கேமராவின் முன் மெல்லிய பாலித்தீன் பையைப் பிடித்தால் அதன் பின்னால் உள்ள கை நன்றாகத் தெரியும், பை கறுப்பாக இருந்தாலும். மூக்குக் கண்ணாடி போட்டவரைப் பார்த்தால் கண்ணாடி இருக்கும் இடம் இரண்டு இருண்ட வட்டம். அந்தக் கேமரா பார்க்கும் 8 முதல் 14 மைக்ரான் வரையான உலகில் கண்ணாடி சுவர், பாலித்தீன் ஜன்னல். அதனால்தான் ஆள் நடமாட்டத்தைக் கண்டு விளக்கு போடும் சென்சார்களின் முகத்தில் கண்ணாடி இல்லாமல் பால் நிறப் பாலித்தீன் லென்ஸ் இருக்கிறது.

பிளாஸ்டிக் பைக்கான படலத்தை உருவாக்கும்போது அதன் சொந்தச் சூட்டை அளக்க வேண்டுமானால் நேர்மாறாகச் செய்ய வேண்டும்: பிளாஸ்டிக் சுவராகும் அலைநீளத்துக்குப் போக வேண்டும். பாலித்தீனுக்கு 3.43 மைக்ரான், பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்குக்கு 7.9 மைக்ரான். எதைப் பார்க்க வேண்டுமோ அதற்கேற்ற கண்.

20 மில்லிநொடி

2 மில்லிமீட்டர் லேசர் புள்ளி விநாடிக்கு 100 மில்லிமீட்டர் ஓடினால், இணைப்பின் எந்த ஓர் இடத்துக்கும் கிடைப்பது 20 மில்லிநொடி. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. அதற்குள் சூடாகி, உருகி, பக்கத்துப் பாகத்தையும் உருக்கியாக வேண்டும். அந்த நேரத்தில் பிளாஸ்டிக்கில் சூடு பரவும் ஆழம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அலுமினியமாக இருந்தால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் பரவியிருக்கும். பிளாஸ்டிக் சூட்டை மெதுவாகக் கடத்துவது இங்கே வரம். கூட்டுக்குள் இருக்கும் மின்னணுச் சில்லுக்குச் சூடு போய்ச் சேருமுன் வேலை முடிந்துவிடுகிறது.

இடைவெளி வந்தால் சூடு எகிறும்

இரண்டு பாகங்களும் எங்காவது சரியாக ஒட்டி அமரவில்லை என்று வையுங்கள். நடுவில் தாள் அளவு காற்று. சூடு குறையும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது தலைகீழ். காற்று பிளாஸ்டிக்கைப் போல எட்டில் ஒரு பங்குதான் சூட்டைக் கடத்தும். கீழ் பாகத்துச் சூடு மேலே ஏற வழியில்லாமல் அங்கேயே தேங்கும். பைரோமீட்டர் திரையில் வரையும் சூட்டின் கோடு திடீரென்று மேலே குத்தும். சரியாகச் சேர்ந்த இடத்தில் அடக்கமாகவும், சேராத இடத்தில் உரக்கவும் அது பேசுகிறது. ஒரு தலைமுடியோ தூசியோ மாட்டிக்கொண்டாலும் அது எரிந்து இப்படியே ஒரு கூர்முனையாகத் தெரியும்.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது சோற்றுக்குப் பொருந்தும். நூறு இணைப்பில் ஒன்றை இழுத்துப் பிய்த்துப் பார்த்து மற்ற தொண்ணூற்றொன்பதையும் நம்புவது பிரேக் சென்சாரின் கூட்டுக்கோ மருத்துவக் கருவிக்கோ போதாது. பைரோமீட்டர் ஒவ்வொரு சோற்றையும் பார்க்கிறது, ஒன்றையும் நசுக்காமல். இந்த அளவீட்டை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் இதுதான்.

மூலையில் மெதுவாகும் கை

இணைப்பின் பாதையில் மூலை வந்தால் லேசரை ஏந்திய இயந்திரக் கை வேகம் குறைக்கும். அதே ஒளி அதிக நேரம் விழ, மூலை கருகும். பைரோமீட்டர் சூடு ஏறுவதைக் கண்ட கணமே லேசரின் சக்தியைக் குறைக்கச் சொல்லும். மூலை தாண்டியதும் பழையபடி ஏற்றச் சொல்லும். அடுப்பைத் தணித்துத் தணித்துப் பால் காய்ச்சுகிறவரின் வேலை, விநாடிக்குப் பல நூறு முறை.

வேறொரு முறையில், ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளை அசைத்து லேசர் புள்ளியை முழுப் பாதையிலும் விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். முழுக் கோடும் ஒன்றாகச் சூடேறி ஒன்றாக உருகும். அங்கே பைரோமீட்டர் அதே கண்ணாடிகள், அதே லென்ஸ் வழியாகத்தான் பார்க்க வேண்டும். லென்ஸ் 940 நானோமீட்டருக்காகச் செய்யப்பட்டது. 2 மைக்ரான் கதிரை அது வேறு இடத்தில் குவிக்கும். நடுவில் சரியாகப் பார்க்கும் சென்சார், ஓரங்களில் லேசர் புள்ளிக்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கும். எண் குறைந்தால் உடனே பிளாஸ்டிக்கைக் குற்றம் சொல்லக்கூடாது.

பால் போன்ற பிளாஸ்டிக்

பாலிகார்பனேட், அக்ரிலிக் போன்றவை உள்ளே ஒழுங்கற்ற இழைகள் கொண்டவை, தெளிவானவை. பாலிபுரொப்பிலீன், நைலான், பி.பி.டி. போன்றவற்றின் உள்ளே நுண்ணிய படிகங்கள் வளரும். அவை ஒளியைப் பல பக்கம் சிதறடிக்கும். பார்க்கப் பால் கலந்தது போல இருக்கும். லேசர் உள்ளே போகும்போதும் கலங்கும், வெப்பக் கதிர் வெளியே வரும்போதும் கலங்கும். கண்ணாடி இழை கலந்தால் இன்னும் மோசம். அச்சில் வார்க்கும்போது எவ்வளவு வேகமாக ஆறியது என்பதைப் பொறுத்துப் படிகங்கள் மாறுவதால், ஒரே அச்சில் வந்த இரண்டு துண்டுகளே வேறு வேறு எண் காட்டக்கூடும்.

திரையில் தெரியும் 250, உண்மையான 250 தானா?

பெரும்பாலும் இல்லை. மேல் பாகம் கொஞ்சம் விழுங்கியிருக்கும், கொஞ்சம் சிதறடித்திருக்கும். வட்டத்தின் நடு ஒரு சூடு, ஓரம் ஒரு சூடு. சென்சார் அதன் கலவையைச் சொல்லும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு பாடப்புத்தகத்தின் உருகுநிலையோடு ஒப்பிடுவது பிழை. அனுபவமுள்ளவர்கள் வேறு விதமாகச் செய்கிறார்கள். முதலில் நன்றாக வந்த பாகங்கள் பலவற்றின் கோடுகளைப் பதிந்துகொள்வார்கள். அவற்றைப் பிய்த்துப் பார்த்து வலுவை உறுதி செய்வார்கள். அந்தக் கோடுகள் போகும் பாதைக்கு மேலும் கீழும் ஒரு கரை கட்டுவார்கள். அடுத்து வரும் பாகத்தின் கோடு கரைக்குள் ஓடினால் நல்லது; கரையை உடைத்தால் அந்தப் பாகம் தனிக் கூடைக்குப் போகும். எண்ணின் பெருமை அதன் துல்லியத்தில் இல்லை; நேற்றும் இன்றும் ஒரே மாதிரி சொல்வதில் இருக்கிறது.

பாராமதியிலிருந்து பெல் ஆய்வகம் வரை

கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்த குமார் பட்டேல். அதன் ஒளி 10.6 மைக்ரான். பெரும்பாலான பிளாஸ்டிக்குகள் அதை மேற்பரப்பை ஒட்டியே விழுங்கிவிடும். ஆகவே மெல்லிய படலங்களை வெட்டவும் ஒட்டவும் அது உதவும். தடித்த பாகத்தின் உள்ளே மறைந்த இணைப்புக்கு உதவாது.

கரியே வேண்டாம் என்றால்

இரண்டு பக்கமும் தெளிவாக இருக்க வேண்டிய மருத்துவப் பொருட்களுக்குக் கரி ஆகாது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள டி.டபிள்யு.ஐ. என்ற வெல்டிங் ஆய்வு நிறுவனம், கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாமல் அகச்சிவப்பை மட்டும் விழுங்கும் சாயத்தை இணைப்பில் பூசும் கிளியர்வெல்ட் முறையை உருவாக்கியது. மற்றொரு வழி, பிளாஸ்டிக்கே சற்று விழுங்கும் 2 மைக்ரான் அளவில் வேலை செய்யும் தூலியம் லேசர். ஆனால் அப்போது சென்சார் பார்க்கும் ஜன்னலை லேசரே எடுத்துக்கொள்கிறது. அளவீட்டுக்கு வேறு அலைநீளம் தேட வேண்டியிருக்கிறது.

கண் இமைக்காத ஒளி

பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் நாம் கண்ணை மூடிக்கொள்வோம். 808 முதல் 980 நானோமீட்டர் ஒளி தெரியாததால் கண் மூடாது. ஆனால் விழித்திரையில் போய்க் குவியும். அதனால்தான் இந்த இயந்திரங்கள் முழுக்க மூடிய பெட்டிக்குள் ஓடுகின்றன, கதவைத் திறந்தால் லேசர் தானாக நின்றுவிடும் ஏற்பாட்டோடு. அந்தக் கதவுப் பூட்டை வேலை வேகத்துக்காக யாராவது ஏமாற்றி வைத்திருந்தால், அந்த இடத்தில் நிற்காதீர்கள்.

அழுக்குக் கண்ணாடி சொல்லும் பொய்

பிளாஸ்டிக் உருகும்போது எழும் மெல்லிய ஆவி, லேசரின் முன்னால் உள்ள பாதுகாப்புக் கண்ணாடியில் நாள்தோறும் படலமாகப் படியும். சென்சாருக்கு வரும் கதிர் 10 சதவீதம் குறைந்தால், திரையில் சுமார் 4 டிகிரி குறைவாகத் தெரியும். இயந்திரம் சூடு போதவில்லை என்று நம்பி லேசரை ஏற்றும். படலம் தடிக்கத் தடிக்க இன்னும் ஏற்றும். திரையில் கோடு கரைக்குள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே இணைப்பு கருகிக்கொண்டிருக்கும். எல்லா அளவீடுகளையும் வீணாக்க அந்த ஒரு படலம் போதும். இந்த இயந்திரத்தில் வேலை செய்கிறவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் லேசரை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தக் கண்ணாடியை அதற்கென்று உள்ள மென்துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.